அப்படியொரு சாதனம் இல்லை

குட்டாயிசியில், ரியோனி ஆற்றுப் பாலத்துக்கு இந்தப் பக்கம்,
சாவி வெட்டுகிறவனுக்கும் செருப்புக் கடைக்கும் நடுவே
என் கடை. இரண்டு மேசை அகலம்.
பிப்ரவரியில் ஒரு வியாழக்கிழமை
ரொட்டி சுற்றும் துணியில் லேப்டாப்பைச் சுற்றிக்கொண்டு
ஜும்பர் வந்தார்.
"செத்துவிட்டது" என்றார்.

பொத்தானை அழுத்தினேன். சாகவில்லை.
கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரு வரி:
அப்படியொரு சாதனம் இல்லை.
பின்னால் ஒரு நீண்ட எண், நடுநடுவே கோடுகள்.

இத்தனை வருடத்தில் ஒன்று தெரியும் எனக்கு.
இயந்திரம் இன்னாரைக் காணோம் என்று சொன்னால்
இன்னார் இருந்திருக்கிறார்.

"வீட்டிலிருந்து என்ன போயிற்று?"
அவர் தொப்பியைக் கழற்றினார்.
"த்சியாலா செவ்வாய்க்கிழமை பதூமி போனாள்."

போனில் அவள் குரல் கரகரத்தது.
பகலில் மருந்துக்கடைக் கணக்கு, இரவில்
துருக்கி சலவை இயந்திரங்களின் கையேடுகளை
எங்கள் மொழிக்குக் கொண்டுவருகிறவள்.
அவருடைய விண்டோஸில் மூன்று பகடை விளையாட்டு,
மீன் பிடித்த படங்கள்,
பத்து நிமிடத்துக்கொருமுறை எதையாவது வாங்கச் சொல்லும் பெட்டி.
அதில் கைவைக்காமல் தனக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது.
சந்தையில் வாங்கினாள், சோப்புக்கட்டி அளவு ஹார்டு டிஸ்க்.
அதற்குள் லினக்ஸ்.
அதே கீபோர்டு, மூலையில் விரிசல் விட்ட அதே திரை,
கூடு விட்டுக் கூடு பாய்வதுபோல
இரவானால் வேறொரு உயிர்.

நிறுவும்போது மணி இரண்டு.
தொடக்க நிரலை எந்த டிஸ்கில் எழுதட்டும் என்று கேட்டிருக்கிறது.
முதலில் நின்றதையே தட்டிவிட்டுத் தூங்கப் போயிருக்கிறாள்.
வீடு வெளியே. வாசல் அவர் சுவரில்.

ஆறு மாதம் யாருக்கும் தெரியவில்லை.
மூடியின் முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்டிய டிஸ்கை
அவள் கழற்றியதே இல்லை.
காலையில் திரையில் இரண்டு வரி வரும்,
அம்புக்குறியை ஒருமுறை கீழே தட்டுவார் ஜும்பர்.
மேலே இருந்தது அவளுடையது என்று
இப்போதுதான் தெரிகிறதாம்.

"அக்கா கம்ப்யூட்டரில் செருகினேன்" என்றாள்.
"இங்கேயும் எழவில்லை."

எழாதுதான்.

அவரிடம் சொன்னேன்: பத்து நிமிட வேலை,
உங்கள் வாசலை உங்களுக்கே எழுதிவிடலாம்.
அவளுக்கும் தனியாக ஒன்று வைக்க வேண்டுமானால்
டிஸ்க் இங்கே வரவேண்டும்.
"வரட்டும்" என்றார். "இரண்டையும் சேர்த்தே செய்."

சனிக்கிழமை பதூமி மினிபஸ் டிரைவர்
ஒற்றைக் கம்பளிக் காலுறையைக் கொண்டுவந்து கொடுத்தான்.
உள்ளே டிஸ்க். அவள் வரவில்லை.
எத்தனை நாளைக்குப் போனாள் என்று நான் கேட்கவில்லை.
அவரும் கேட்டிருக்கவில்லை போலிருக்கிறது.

பிரித்தேன். அவருடையது அவருக்குள் எழுந்தது,
மீன் படங்களோடு, நேராக.
"அந்த இரண்டு வரி?"
"இனி வராது."
ம், என்றார்.

அவளுடையதையும் எழுப்பிப் பார்க்கவேண்டும், அது தொழில்.
என் பழைய பெட்டியில் செருகினேன்.
கடைசியாகத் திறந்திருந்த பக்கம் தானாகவே வந்து நின்றது.
கண்ணை எடுத்துக்கொள்வதற்குள் படித்துவிட்டேன்.
எனக்குப் பின்னால் அவரும்,
உதடு அசைய, எழுத்துக் கூட்டுகிற பையன்போல:

கதவு பூட்டியிருந்தால் பலமாக இழுக்க வேண்டாம்.
தண்ணீர் முழுதும் வடியும்வரை

அதற்குமேல் அவள் மொழிபெயர்த்திருக்கவில்லை.

முப்பது லரி கேட்டேன், இருபது கொடுத்தார்.
டிஸ்கைக் காலுறைக்குள் போட்டு
கோட்டின் உள்பையில் வைத்துப் பொத்தான் மாட்டினார்.
டிரைவரிடமே கொடுத்துவிடலாம் என்றேன்.
நாலு மணி வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டார்.

கடை சாத்தும்போது பார்க்கிறேன்,
ரொட்டித் துணியும் லேப்டாப்பும் மேசையிலேயே.
விளக்கு எரிந்துகொண்டிருந்தது.
பகடை விளையாட வாருங்கள் என்று ஒரு பெட்டி
வந்து வந்து போயிற்று.